ஓட்டிப் பார்க்காமல் போட்ட டிக்

சின்னவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவளுக்கு வாய் ஓயாது. ஆடைத் தொழிற்சாலையின் செக்கிங் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மேசைக்கு வரும் ஒவ்வொரு சட்டையையும் புரட்டி, பன்னிரண்டு இடங்களில் தையலைத் தொட்டுப் பார்த்து, அதன் பையில் தன் நம்பர் சீட்டைப் போடுவாள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் தங்கையின் வேலையைப் பிசகில்லாமல் சொல்லுவாள். அத்தனையும் தங்கையை நச்சரித்து நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் பேர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல அடுக்கி வச்சிருப்பாங்க. அதுக்கு டேட்டாபேஸ்னு பேரு. அதைத் திறந்து பார்க்க, திருத்த, அழிக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அது யாருக்கும் சொந்தமில்ல. முகம் தெரியாதவங்க பல நாட்டுல இருந்து சேர்ந்து எழுதுறாங்க. எங்க சின்னவளும் அதுல ஒருத்தி."

"சம்பளம்?" என்று கேட்பாள் பக்கத்து மேசைக்காரி.

"ஒண்ணும் கிடையாது."

"உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?"

சின்னவள் பகலில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பாள். மாலையில் வந்ததும் துணி தேய்க்கும் மேசையின் ஒரு பாதியைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்துக்கொள்வாள். ஐந்து வருடமாக இப்படித்தான். அவள் செய்த முதல் திருத்தம் ஒரு பொத்தானின் மேலிருந்த தப்பான சொல்லை மாற்றியது. அது ஏற்கப்பட்ட தேதி பெரியவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சாஃப்ட்வேர் எழுதும் அந்தக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, 'ஓட்டிப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அதற்கு மேல்தான் அதை சாஃப்ட்வேரில் சேர்ப்பார்கள். சேர்க்கும் உரிமை நான்கே பேருக்கு. ஐந்தாவதாகச் சின்னவளை எடுக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் முடிவு. பெரியவள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி உலர்த்திவிட்டு அவள் உள்ளே வந்தபோது, சின்னவள் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரி, அக்கா. எந்த ஊருன்னு தெரியல. இனிமே வர மாட்டோம்னு சொன்ன இருபது பேரை மட்டும் பட்டியல்ல தனியாப் பிரிச்சு அழிச்சிருக்காங்க. நம்ம சாஃப்ட்வேர் திரையில தெரியாத மத்த எல்லாரையும் சேர்த்து அழிச்சிருக்கு. நகல் எடுத்து வச்சிருந்த பேக்கப் பதினோரு நாள் பழசு. அதுக்கப்புறம் பதிஞ்சவங்க யாருன்னே தெரியலையாம். தூரத்துல இருந்து வந்து வாசல்ல நிக்கிறாங்களாம்."

"நீ எழுதினதா?"

"இல்ல. பூனைக்காரர் எழுதினது."

தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் பூனைப் படம் வைத்திருக்கும் மனிதர் அவர். மூன்று வருடமாகச் சின்னவளோடு சேர்ந்து வேலை செய்கிறார். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை.

பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப அது அவர் பாடு. உனக்கென்ன வந்துச்சு?"

"டிக் போட்டது நான். ஓட்டிப் பார்க்காமலே போட்டேன்."

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்காமல் ஒரு சீட்டுகூட அவள் போட்டதில்லை. "ஏன்டி?" என்றாள். திரையில் டிக் போட்ட தேதி இருந்தது. பெரியவள் அதையே பார்த்தாள். பக்கத்து மேசைக்காரி வீட்டுக்கு வந்திருந்த நாள். 'உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க, வாடி' என்று மூன்று முறை கூப்பிட்டது பெரியவள்தான். மூன்றாவது முறை தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனாள்.

"பூனைக்காரர் தப்பு விட மாட்டார்னு ஒரு நினைப்பு. திரும்பி வந்து ஓட்டிக்கலாம்னு போட்டேன். வந்து பார்த்தா சேர்த்துட்டாங்க. அதோட விட்டுட்டேன். இப்ப எல்லாரும் அவரைத்தான் கேள்வி கேக்குறாங்க. நான் ஓட்டிப் பார்த்தும் தப்பு சிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"நீ ஓட்டிப் பார்க்கலன்னு எழுதப் போறியா?"

"எழுதணும். எழுதினா அந்த உரிமை கிடைக்காது."

"முடிவு வர ஒன்பது நாள்தானே இருக்கு. அதுக்கப்புறம் எழுதேன்."

சொன்ன மறுகணமே பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சின்னவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி, இப்பவே எழுது. அக்காதான் இழுத்துட்டுப் போனான்னும் சேர்த்து எழுது."

"அதெல்லாம் எழுத முடியாது."

"ஏன், பொய்யா?"

"என் கையைப் பிடிச்சா டிக் போட வச்ச? சும்மா இரு, அக்கா."

நான்கே வரி எழுதினாள். அனுப்புவதற்கு முன் பெரியவள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சாக்கு எதுவும் அதில் இல்லை.

பூனைக்காரர் அன்று மதியத்துக்குள் திருத்தத்தை மாற்றி எழுதி அனுப்பினார். சின்னவள் முந்நூறு பொய்ப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கி, இருபதைப் பிரித்து அழித்துப் பார்த்தாள். மீதம் எத்தனை என்று பெரியவள் விரல் வைத்து எண்ணினாள். ஏழு முறை செய்தார்கள். ஏழு முறையும் இருநூற்றெண்பது. அதற்குப் பிறகே டிக் விழுந்தது.

தொலைந்த பதினோரு நாள் திரும்பி வரவில்லை. பெயரை மறுபடி பதியச் சொல்லி வாசலில் காகிதம் ஒட்டியிருப்பதாகக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அதைச் சின்னவள் பல முறை படித்தாள்.

மாதக் கடைசியில் ஐந்தாவது இடம் வேறொருவருக்குப் போனது.

"என்ன, தங்கச்சிக்குக் கிடைச்சுதா?" என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி.

"கிடைக்கல. பார்க்காம டிக் போட்டுட்டா. நீங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்னைக்குத்தான். வேலையில இருந்தவளை நான்தான் உங்க முன்னாடி நிறுத்தணும்னு இழுத்துட்டு வந்தேன்."

பக்கத்து மேசைக்காரி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"இனி கிடைக்கவே கிடைக்காதா?"

"ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப ஆறு மாசத்துல கிடைச்சிடும்."

"கிடைக்கும்னு சொல்லல," என்று திருத்தினாள் பெரியவள். "பார்க்கலாம்னுதான் சொல்லியிருக்காங்க."