கச்சான் காலத்து முறைத் தண்ணீர்

1. காலடி

மே மாதம். கச்சான் என்கிற வறண்ட கோடைக் காற்று தொடங்கி ஒரு கிழமை இருக்கும். காலையில் நாலாவது கிரீனைக் குறுக்கே கடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் காலடிகள் புல்லில் அப்படியே பதிந்து கிடந்தன. கிரீன் என்பது பந்து விழும் குழியைச் சுற்றி நாலு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கும் புல்தரை. நல்ல புல் மிதித்த கையோடு நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் தாகம், இல்லாவிட்டால் நோய் வருத்தம். நான் தாகம் என்று முடிவெடுத்தேன். அது பிழை என்று விளங்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. வேலை தெரியாததால் அல்ல, பொறாமையால். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கோல்ஃப் மைதானம் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை ஒட்டியது. நான் தம்பலகாமத்து வயற்காரன். புல் வெட்டும் மெஷினைத் தள்ளத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல். பதினெட்டுக் கிரீனும் என் கையால் வளர்ந்தவை என்று சொல்லித் திரிந்தவன். அந்த வருடத் தொடக்கத்தில் மனேஜர் அவற்றை இரண்டாகப் பிரித்தார். முன் ஒன்பது எனக்கு. பின் ஒன்பது ஜெயந்திக்கு.

ஜெயந்தி கட்டைபறிச்சானில் இருந்து பஸ்ஸில் வருகிறவ. களை பிடுங்கும் பெண்களோடு குந்தியிருந்து வேலை பழகி மூன்று வருடம்தான்.

“ஜூன் கடைசியில மெட்ச் இருக்கு. ஆர்ர ஒம்பது நல்லா நிக்குதோ, அவைக்குத்தான் பதினெட்டுக்கும் பொறுப்பு,” என்றார் மனேஜர்.

அந்தப் பொறுப்பு எனக்குத்தான் என்று வீட்டில் மனைவிக்கு எப்போதோ சொல்லிவிட்டேன். இனி அதை இழந்து போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

2. பூக்கண்டுக்கு ஊற்றுகிற தண்ணீர்

பெப்ரவரியில் ஜெயந்தி தன் கிரீன்களில் முள்ளு மெஷினால் துளை போட்டு, ஆற்று மணலைத் தூவி, தும்புத்தடியால் கூட்டி நிரப்பினா. கிரீன் ஒரு மாதம் அம்மை போட்ட முகம் மாதிரிக் கிடந்தது. நான் மெஷின் கொட்டிலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தேன். மே வந்தது. அவவுடைய புல் வேரை ஆழத்துக்கு விட்டுக்கொண்டு பச்சையாக நின்றது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனேஜரின் வண்டி என் கிரீன்களைத் தாண்டிப் பின்பக்கம் போய் நிற்கும். அவர் இறங்கி, குனிந்து, புல்லைத் தடவிப் பார்ப்பார். நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் களவாகப் பின்பக்கம் போவேன். ஒரு காய்ந்த இடமாவது அகப்படாதா என்று கிரீன் கிரீனாகத் தேடுவேன். சோற்றுப் பார்சல் மோட்டார் சைக்கிள் பையிலேயே புளித்துப் போன நாட்களும் உண்டு.

ஒரு நாள் அவ பதினோராவது கிரீனில் ஹோசைப் பிடித்துக்கொண்டு நின்றா. கொட்டிலின் பின்னால் மாரி மழைத் தண்ணீர் பிடித்து வைத்த தாங்கி ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீரை, காய்ந்த திட்டுகளுக்கு மட்டும் பூமழையாகத் தெளித்தா.

“என்ன தங்கச்சி, பூக்கண்டுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறீங்கள்?” என்றேன்.

“கிணத்துத் தண்ணி உவர்க்குது அண்ணன். வெயில் ஏற ஏறக் கூடுது. நீங்களும் குறைச்சுப் பாய்ச்சுங்கோ. நாக்கில ஒருக்கா வச்சுப் பாருங்கோவன்.”

“இந்தக் கிணத்துல இருவது வருசமாப் பாய்ச்சுறன். எனக்கு நீங்கள் சொல்லித் தரோணுமோ?”

அவ ஹோசை மடித்துக்கொண்டு அடுத்த கிரீனுக்குப் போனா. என்னைத் தண்ணீர் பாய்ச்ச விடாமல் செய்து என் புல்லைக் காயவிடப் பார்க்கிறா என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைக்க ஆசையாகவும் இருந்தது.

3. மடை

இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிணறு, ஒரே பம்ப். எங்கள் வயல்களில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போல இங்கும் முறை. ஒரு நாள் முன்பக்கம், மறுநாள் பின்பக்கம். பம்ப் அறைப் பூட்டின் திறப்பு என்னிடம். அவவுடைய பஸ் ஆறு மணிக்குத்தான் வரும்.

அவவுடைய முறை நாட்களில் நான் ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தேன். என் பக்கத்து வால்வைத் திறந்து, கிரீனில் தண்ணீர் நிற்கும்வரை விட்டேன். அவ வர முன்னம் மாற்றிவிடுவேன். மிச்சம்தான் அவவுக்கு. வயல் விதைக்கிறவனுக்கு அடுத்தவன் மடையை மறிப்பது என்னவென்று தெரியும். அதற்கு மண்வெட்டியால் அடி விழும். அது தெரிந்தும் செய்தேன்.

புல் நுனி மஞ்சளாகிக் கபில நிறமானது. வயற்காரன் கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தால் கை மடைக்குத்தான் போகும். இன்னும் பாய்ச்சினேன். மூன்றாம் கிழமை மண்ணின் மேல் சாம்பல் தூவியது போல ஒரு வெள்ளை படிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கரைக் கிணறு கோடையில் இறைக்க இறைக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும். முறை பிசகாமல் பாய்ச்சியிருந்தால் என் புல் அதில் பாதியைத்தான் குடித்திருக்கும். அவவிடம் களவெடுத்த தண்ணீரின் உப்பையும் சேர்த்து என் கிரீனுக்கே ஊட்டியிருக்கிறேன். மணல் நிரம்பிய துளையும் குறைந்த கிணற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அவவின் புல்லைக் காப்பாற்றியிருந்தன.

மெட்ச்சுக்கு ஐந்து நாள் இருக்க மனேஜர் எங்கள் இருவரையும் நாலாவது கிரீனில் நிறுத்தினார்.

“ஒரே கிணறு, ஒரே முறை. இந்தப் பக்கம் மட்டும் ஏன் செத்தது?”

ஜெயந்தி என்னைப் பார்த்தா. அவவுடைய பக்கத்துக் குழாயில் தண்ணீர் குறைந்தது அவவுக்குத் தெரியும். காலையில் தான் வர முன்னமே என் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதையும் அவ கண்டிருப்பா.

“உவர்த் தண்ணி சேர்,” என்றா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

காட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கோபிக்க ஒரு சாட்டு கிடைத்திருக்கும். பெருந்தன்மையிலும் அவவே முந்திவிட்டா என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவவின்ர முறைத் தண்ணியையும் நான்தான் திறந்தனான் சேர்,” என்றேன். நல்ல மனத்தால் சொல்லவில்லை. அதிலாவது அவவுக்கு மேலே நிற்க வேண்டும் என்ற வீம்பு.

மனேஜர் பம்ப் அறைத் திறப்பைக் கேட்டு வாங்கி ஜெயந்தியின் கையில் கொடுத்தார். பதினெட்டுக்கும் பொறுப்பு அவவுக்கு.

4. மூன்றாவது ஆள்

முதல் நாளே அவ வேலையை மாற்றிப் பிரித்தா.

“முன்பக்கத்தை நான் எடுக்கிறன் அண்ணன். அதைக் கழுவி எடுக்க மாரி வரைக்கும் செல்லும். பின்பக்கத்தை நீங்கள் பாருங்கோ.”

செத்த ஒன்பதை அவ எடுத்துக்கொண்டு, வளர்த்த ஒன்பதை என்னிடம் தந்தா. அதற்கும் எரிந்தது.

மெட்ச் அன்று பதினோராவது கிரீனில் கொழும்பில் இருந்து வந்த ஒருவர் புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த வெயிலுக்கும் நல்லா வச்சிருக்கிறீங்கள்,” என்றார். நான் “ஓம்” என்றேன். பதின்மூன்றில் இன்னொருவர் அதையே சொன்னார். அவருக்கும் ஓம் என்றேன். இரண்டு முறையும் முன்பக்கம் பார்க்காமல் நின்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் கச்சான் காலத்தில் வால்வைத் திறக்க முன்னம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். யார் சொன்னாலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத ஆள் சொன்னால் இரண்டு தரம் வைத்துப் பாருங்கள். இருபது வருட வேலையில் நான் படித்தது அவ்வளவுதான்.

பதினாறாவது கிரீனில் மூன்றாவது ஆள் வந்து கேட்டார்.

“இது உங்கட கைவேலையோ?”

“இல்லை சேர்,” என்றேன். “அங்க நாலாவதில குந்தியிருந்து உப்புக் கழுவுறா பாருங்கோ, அவவின்ர.”

அதைச் சொன்ன பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து முழுதாகச் சாப்பிட்டேன்.