சாவி இல்லாத வண்டி

அந்த மூன்று சக்கர பேட்டரி வண்டியைப் பார்த்ததும் என் நண்பன் கேட்ட முதல் கேள்வி, "சாவி எங்கடா?" என்பதுதான்.

"சாவியெல்லாம் போன தலைமுறை. போன்ல தொட்டா திறந்துக்கும்" என்றேன்.

"கம்பெனிக்காரன் கடையை மூடிட்டா?"

"மூட மாட்டான்."

எழுபது தாண்டிய வயதில் இப்படி அடித்துச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவனிடம் அப்படிப் பேசிப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

இன்டர்நெட் புதிதாக வந்த நாட்களில் நாங்கள் இருவரும் தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தோம். வலைப்பக்கம் பார்க்க அப்போது இரண்டு பிரௌசர்கள் போட்டியிட்டன. ஒன்றின் முகப்பில் கப்பல் சுக்கான், மற்றதில் நீல நிறத்தில் ஓர் எழுத்து. அவன் சுக்கான் கட்சி. அதைப் பத்துப் பதினைந்து ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாகப் பிரித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றுவான். கடைசி ஃபிளாப்பி கெட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் நீல எழுத்துக் கட்சி. அது மெஷினோடு சும்மாவே வந்தது.

"சும்மா குடுத்தா விஷத்தையும் குடிப்பியா?" என்பான், மாணவர்கள் எதிரிலேயே.

கொஞ்ச காலத்தில் அவனுடைய பிரௌசர் காணாமல் போனது. மையத்தின் முதலாளி எல்லா மெஷினிலிருந்தும் அதை நீக்கச் சொன்னபோது, நானே வலியப் போய் நீக்கினேன். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவனைப் பார்த்தால் என் முதல் வார்த்தை, "கப்பல் முழுகிடுச்சா?" என்பதுதான். பின்னால் என் நீல எழுத்தும் ஒருநாள் ஒழிந்தது. அன்று போன் செய்து, "கருமாதி என்னிக்கு? சாப்பாடு உண்டா?" என்றான். சிரித்தேன். உள்ளுக்குள் அது தைத்தது.

பக்கவாதம் வந்து அவனுடைய இடது கால் இழுக்க ஆரம்பித்ததும் அவன் வெளியே போவது நின்றது. மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு காபி, இரண்டு பேரிடம் வம்பு: அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அதற்காகத்தான் அந்த வண்டியை நான் தேடிப் பிடித்தேன். இனி உலகம் இதில்தான் போகும் என்று அவன் மனைவியிடம் பிரசங்கமே செய்தேன்.

வண்டியைத் திறக்கும் செயலி என்னுடைய வகை போனில்தான் வேலை செய்தது. அவன் வைத்திருந்தது வேறு வகை. அவன் மாற மாட்டான், நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால் வண்டி என் பெயரில் பதிவானது. காலையில் அவன் கூப்பிட்டு, "திறடா" என்பான். அடையாறில் என் வீட்டிலிருந்து நான் பொத்தானைத் தொடுவேன். காபி குடிக்க இறங்கினால் வண்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். கிளம்பும்போது மறுபடி, "திறடா." எட்டு மாதங்கள் இப்படி நடந்தது.

பிறகு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனியை மூடுகிறோம், மாதக் கடைசியோடு செயலி நின்றுவிடும், அதற்குள் வண்டியை நங்கநல்லூர் பட்டறைக்குக் கொண்டுவந்தால் இலவசமாகச் சாவி பொருத்தித் தருகிறோம் என்று இருந்தது.

நான் அவனிடம் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அதை நான்கு முறை படித்தேன். முதல் நாளே அவன் கேட்டது சாவியைத்தான். அவன் வாயால், "சொன்னேன்ல?" என்று கேட்க எனக்கு மனமில்லை. நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். மாதம் முடிந்தும் மூன்று நாட்கள் வண்டி திறந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை போகும்போது திறந்தது. காபிக்குப் பிறகு கூப்பிட்டான். தொட்டேன், திறக்கவில்லை. பத்து முறை தொட்டேன்.

"இன்னாடா, தூங்கிட்டியா?"

"நெட்வொர்க் தகராறு. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போ."

"வண்டியை நடுத்தெருவுல விட்டுட்டா? நீ வாங்கிக் குடுத்ததுடா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூட்டிய வண்டியை அவன் ஓரமாகத் தள்ளப் பார்த்திருக்கிறான். சக்கரம் அசையவில்லை, இழுத்த கால் மடங்கியது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் எழுந்திருக்கவே இல்லை. கம்பெனி மூடிப்போன சேதி அதற்குள் அவன் காதுக்கும் எட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் கேட்டான்: "முன்னாடியே ஏதாவது தகவல் குடுத்தானுங்களா?"

"இல்லடா."

"அப்போ விடு. நீ என்ன பண்ணுவ?" என்று என் கையைத் தட்டினான். "என் கப்பலும் இப்படித்தானே சொல்லாம முழுகிச்சு." நெஞ்சில் சளி கட்டி, பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து அவன் மனைவியைப் பார்க்கப் போனேன். வண்டி வாசலில் துணி போர்த்தி நின்றது. அதை நகர்த்த நாலு பேர் வேண்டும்.

"அந்த எட்டு மாசம் அவர் மனுஷனா வெளியில போய் வந்தார்ண்ணா. அது உங்களாலதான்" என்று சொல்லி எனக்குக் காபி கொடுத்தாள்.

வாங்கிக் குடித்தேன். அந்த மின்னஞ்சல் இன்னும் என் போனில் இருக்கிறது. அவளிடம் அதை எடுத்துக் காட்ட இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.