மழைக்குக் குழாய் போட்ட ஜெயந்தி அக்கா

மருத்துவமனையிலிருந்து என் கணவர் போனில் சொன்னது ஒரே வார்த்தை: "மதினி…" எனக்கு மூத்த ஓரகத்தி ஜெயந்தி அக்கா, நெஞ்சு வலிக்கிறது என்று காலையில் தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறியவர், திரும்பவில்லை. விளாங்குடியில் எங்கள் தெருவுக்கே அவரைத் தெரியும். எங்கள் வீடு விற்காமல் நின்ற கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அதை நினைத்தால் இந்தத் துக்கத்திலும் எனக்குப் படபடவென்று உற்சாகம் வந்துவிடுகிறது.

எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும். ஹீட்டர் காயிலில் வெள்ளை படிந்து படிந்து மூன்று முறை மாற்றினோம். கடைசியில் என் கணவரும் அவர் அண்ணனும், எல்லோரும் சேர்ந்திருந்த வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு அபார்ட்மெண்ட் போவதென்று முடிவெடுத்தார்கள். அக்காவைப் பிரிய வேண்டுமே என்று நான் அடுப்படியில் அழுதேன்.

"ஒரு மழை வரைக்கும் பொறுங்க," என்றார் அக்கா.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு செல்லூரில் ஒரு குழாய்க் கடைக்குப் போனார். "பிளம்பர் வரலையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"வந்திருக்கேன்ல, அண்ணே!"

மாடியில் விழும் மழைத் தண்ணீர், ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய டிரம் வழியாகத் தரைத்தொட்டிக்கு இறங்கும்படி நான்கே நாளில் குழாய் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை பிடித்தது. அக்கா முதல் தண்ணீரைத் தெருவுக்குத் திறந்துவிட்டார்.

"மதினி, இம்புட்டையும் வீணாக்குறீங்களே!" என்று கத்தினார் என் கணவர்.

"மாடி கழுவுன அழுக்கு, தம்பி. போகட்டும்."

அழுக்கு போனது, மழையும் ஓய்ந்தது. அக்கா வானத்தைப் பார்த்தபடி நின்றார். வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஓர் இடி. அடுத்த நிமிடம் கொட்டியது பாருங்கள்! வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் தடதடவென்று இறங்க, ஓர் இணைப்பு கழன்று பீய்ச்சியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, நனைந்து, சிரித்துக்கொண்டே, "சைக்கிள் டியூப் எடுத்துட்டு வா, ஓடு!" என்றார். ஓடினேன். சேர்ந்து கட்டினோம்.

தொட்டித் தண்ணீரை மொண்டு சோப்பைத் தேய்த்தோம். முழங்கை வரை நுரை! அதிகம் பேசாத பெரியவர், அக்காவின் கணவர், சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பக் கை கழுவினார். பிறகு ஈரக் கையோடு புரோக்கருக்குப் போன் போட்டார்: "விக்கல, அண்ணே."

மற்ற புழக்கத்துக்கு இன்றும் போர் தண்ணீர்தான். சமையலுக்கும் தலைக்குளியலுக்கும் மழைத் தண்ணீர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மேற்கே கருத்தது. விளக்குமாற்றோடு மாடிப்படி ஏறினேன்.

"இந்தக் காத்துல எங்க போற?" என்றார் கணவர்.

"மாடியைக் கூட்ட வேணாமா? மழை வந்துரும்!"

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அவசரம்தான். முதல் துளி விழுவதற்குள் பாதி மாடியைக் கூட்டியிருந்தேன்.