பன்னிரண்டு வருடம் ஹவுஸில் இருந்தவர்

தொண்ணூறுகளில் கனடாவில், மல்வேர்னில் நான் ஆங்கிலம் படிக்கப் போன வகுப்பில், பேசிப் பழக ஆளுக்கொரு வெள்ளைக்காரரைத் தந்தார்கள். எனக்கு வாய்த்தவர் எழுபது வயது அமெரிக்கர். மனைவி இறந்தபின் பக்கத்து நகரான மார்க்கத்தில் இருக்கும் ஒரே மகளிடம் வந்திருந்தார்.

பன்னிரண்டு வருடம் ஹவுஸில் இருந்தாராம், பிறகு சீட் போய்விட்டதாம். எனக்குப் பாவமாகிவிட்டது. வேலையில்லாமல் அவ்வளவு காலம் வீட்டில் கிடந்த மனிதருக்கு பஸ்ஸிலும் இடம் கொடுக்கவில்லையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் ஊரில் பள்ளிக்கூட ரீச்சர், ஆங்கிலம் தெரிந்தவர்.

"அக்கா, ஹவுஸ் எண்டால் அவையின்ரை பாராளுமன்றம். உவர் எலெக்சனிலை தோத்துப்போனார்."

அதன்பிறகு முழுக் கதையும் வந்தது. டிராக்டர் விற்றவர். வரியைக் குறைப்பேன் என்று மேடையேறி வென்றவர். வெளிநாட்டுச் சனத்தை உள்ளே விடக்கூடாது என்று கை தூக்கியவர். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் தோற்றவர். அதைச் சொல்லும்போது ரீச்சரை ஒருமாதிரிப் பார்த்தார்.

இப்போது மகளோடு நிரந்தரமாக இருக்க அவரே விண்ணப்பித்திருந்தார். இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்துவிட்டது. அதிகாரிகள் மறுத்தால் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பவேண்டும். மனிதர் அந்தக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

அகதி விசாரணையில் தேறியவள் நான் இருக்க என்ன பயம்? மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்து, ஏன் கனடா என்று கேட்டேன். மனிதர் எழும்பி, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, சுதந்திரம், உழைப்பு, ஆண்டவர் என்று தொடங்கினார். பேச்சு முடியுமுன் ரீச்சர் கோப்பி குடித்தே முடித்துவிட்டார்.

"நோ ஸ்பீச்," என்றேன். "சிட்."

நான் உங்கள் நாட்டுக்கு வந்திருந்தால் விட்டிருப்பீர்களா என்று ரீச்சரைக்கொண்டு கேட்பித்தேன். யோசித்துவிட்டு, மாட்டேன் என்றார். பொய் சொல்ல வராதவர் எலெக்சனில் தோற்றது புதினமில்லை.

திரும்பவும் ஏன் கனடா என்றேன். நிலத்தைப் பார்த்தபடி, மகளைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை என்றார்.

"ரீச்சர், உதுதான் மறுமொழி எண்டு சொல்லுங்கோ. உதுக்கு மேலை ஒரு சொல்லுச் சொன்னாரெண்டால், நானே உள்ளுக்கு விடமாட்டன்."

இன்டர்வியூ முடிந்து வகுப்புக்கு வந்தவரின் முகம் சிவந்திருந்தது. நாங்கள் பயந்துவிட்டோம். விசயம் வேறு. அனுமதி கிடைத்துவிட்டதாம். ஆனால் மூன்று வரிதான் பேசினாராம், மிச்சமெல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே கிடக்கிறதாம்.

பார்க்கப் பாவமாக இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எழும்பிப் பேசும்படி கையைக் காட்டினேன். அரை மணித்தியாலம் பேசினார். எனக்கு விளங்கியது கனடா என்ற ஒரு சொல்தான். அது வந்த இடமெல்லாம் கைதட்டினேன்.