டேலியாப் பாத்தியில் கால் கழுவியவர்கள்

ஹட்டன் வீட்டுப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த மண் நனைந்த வாசம் என்னை உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

மாசி வெயிலில், மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நூலாய் மெலிந்துவிடும். முகமோ காலோ, எதைக் கழுவினாலும் டேலியாப் பாத்தியில்தான் கழுவவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். "ஒங்க வீட்டுல பூவுக்குத்தான் மொத மரியாத" என்று பக்கத்து வீட்டுச் சித்தி கேலி பேசுவார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அம்மா செம்பும் கையுமாகப் பாத்திக்கே கூட்டிப்போனார். "வந்த சம்பந்தமும் போச்சு" என்று அப்பா முணுமுணுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலைக் கழுவினார். பிறகு பக்கத்துச் செடியைப் பார்த்தார். "இது காஞ்சு கெடக்கே மதினி. இங்கிட்டு ஊத்துங்க" என்று மறு காலை அதனடியில் நீட்டினார்.

அவர்கள் உள்ளே வந்து உட்காருமுன்பே, அம்மா மனதுக்குள் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டார்.