கப்பல் கஸ்பாரின் காலைக் கசப்பு

மூன்று இலை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பீடி சுருட்டுவதுபோலச் சுருட்டி, வலது கடைவாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடி மெல்ல ஆரம்பிக்கிறார் கஸ்பார். எண்ணி அறுபது மெல்லு. நாற்பதைத் தாண்டும்போது முகம் கோணும், மூடிய கண்ணில் தண்ணீர் கட்டும், ஆனாலும் துப்பமாட்டார். அறுபது முடிந்து, சாற்றை நாக்கு முழுவதும் புரட்டி விழுங்கிய பிறகுதான் எனக்குக் காலை வணக்கம்.

இலையின் பெயர் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். மென்றால் ஒரு மணி நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதெல்லாம் கதை என்று நான் சொன்னதற்கு, என்னையும் மெல்லவைத்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்து நக்கச் சொன்னார். ஆற்றுமணலை நக்கியதுபோல இருந்தது. எனக்கும் சுகர் உண்டு. நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மஸ்கோத்து அல்வாவும் தின்கிற ரகம். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற பாவத்துக்கு என்னைத் திருத்தும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறவர் என்று விசாரித்தால் பாதி ஊர் எழுந்து நிற்கும். கப்பல் கஸ்பார் என்று கேட்க வேண்டும். கஸ்பார் மச்சாது, வயது ஐம்பத்து மூன்று. சரக்குக் கப்பல்களில் இருபத்தைந்து வருடம் சமையல்காரர். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர், போன மார்ச்சிலிருந்து கரையில் நிற்கிறார். புது ஒப்பந்தத்துக்காக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சுகர் எட்டு புள்ளி ஒன்பது. கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஏழுக்குக் கீழே கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன், ஊசி வரைக்கும் போய்விட்டால் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம். அந்த ஏழுதான் இப்போது கஸ்பாருக்கு விடிவெள்ளி.

வேறொருவராக இருந்தால் மாத்திரையோடு நின்றிருப்பார். இவர் சமையல்காரர். இருபத்திரண்டு பேருக்கு வேளாவேளைக்கு ஆக்கிப் போட்ட கை, தன் ஒரு வயிற்றுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தது. மாதாகோயில் காலண்டரின் பின்பக்கத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் கட்டி எழுதி, குசினியில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். திங்கள் காலை கம்பங்கூழ், மதியம் குதிரைவாலிச் சோறும் அவித்த மீனும், சாயங்காலம் முருங்கைக்கீரைச் சாறு. செவ்வாய் ஆவாரம்பூ. புதன் நாவல்கொட்டைப் பொடி. தினமும் விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம். பாகற்காய்க்குக் கிழமை கிடையாது, தோன்றும்போதெல்லாம் உண்டு. கீழே, மாற்றம் செய்ய விரும்புவோர் சமையல்காரரிடம் சொல்லவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் இருப்பது அவரும் அவர் மனைவி ஜெசிந்தாவும் மட்டும்தான்.

ஆரம்பத்தில் சறுக்கியது கருப்பட்டியில். இந்தக் கரையில் கருப்பட்டியை யாரும் இனிப்பில் சேர்ப்பதில்லை. அது மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, சளி பிடித்தவனுக்குக் கொடுப்பது. சீனியை நிறுத்தச் சொன்னதும் கஸ்பார் வீட்டுச் சீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைக்கொட்டான் வாங்கிவந்து, ஒரு நாளைக்கு நாலு டம்ளர் சுக்குக் காப்பி குடித்தார். ஊரே ஆமோதித்தது, நானும் ஆமோதித்தேன். ஜூனில் போய்ப் பார்த்தால் எட்டு புள்ளி ஆறு. என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்ட டாக்டர், கருப்பட்டியும் சர்க்கரைதான் என்றாராம். சவேரியார் இந்தக் கரைக்கு வரவே இல்லை என்று யாரோ சொல்லிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்றோடு அவர் டம்ளரில் கருப்பட்டி நின்றது. ஜெசிந்தா தன் காப்பிக்கு மட்டும் போட்டுக்கொண்டாள். வீடு வழக்கம்போல மணந்துகொண்டுதான் இருந்தது.

அதன்பிறகு வந்ததுதான் இலை. ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கீரைக்கூடையோடு வருகிற முருகேஸ்வரி வேலியோரத்துக் கொடியில் பறித்து, செவ்வாயும் வெள்ளியும் ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்வார். இலை, அதன் பின்னால் இனிப்பில்லாத சுக்குக் காப்பி. இதுதான் காலை முறை. செப்டம்பரில் ஏழரைக்கு இறங்கியது. எனக்கே பொறாமையாக இருந்தது.

அங்கேயே நின்றுவிட்டது. அக்டோபர் கடைசியில் மனது கேளாமல் தூத்துக்குடியில் ஒரு லேபில் பார்த்தார். அதே ஏழரை. குதிரைவாலியில் கலப்படம் என்றார். மாத்திரையைச் சந்தேகப்பட்டார். என்னோடு நடந்தால் வேகம் போதவில்லை என்று ஒரு வாரம் தனியாகவும் நடந்து பார்த்தார்.

அவருக்குள்ளே கப்பல் ஆடுவது நிற்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரிப்பார். கடல் புரளும்போது தட்டு வழுக்காமல் இருக்கச் செய்கிற வழக்கம். ஆடாத தரையில் எதற்கு என்று கேட்டால், கை தானாகப் போகிறது என்பார். எந்தப் பாத்திரத்திலும் பாதிக்கு மேல் குழம்பு வைக்கமாட்டார். கடற்கரையில் நடக்கும்போது போனை எடுத்து, எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப்பைத் திறந்து, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லுவார். இது கரி, இது உரம், இது நாளைக்குக் கொழும்பு. கடைசியாக வேலை பார்த்த கப்பலை எப்போதும் தேடுவார். "இப்பம் ஆப்பிரிக்காவச் சுத்துது சார். அங்கன எவன் சமைக்கானோ" என்று சொல்லிப் போனைப் பையில் போடும்போது பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஒருநாள் கேட்டேன். சம்பளம் என்பார், சிநேகிதம் என்பார் என்று நினைத்தேன்.

"காலைல ரொட்டிய அடுப்புல விட்டுட்டு வட்ட ஜன்னல் வழியா பாப்பேன் சார். வெளிய ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததப் பாத்துப் பழகிட்டா, கண்ணு வேற எதையும் கேக்க மாட்டேங்கு."

ஜெசிந்தா அதிகம் பேசாதவள். பேசினால் மீனை அரிந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசுவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இந்த வருடம்தான் ஊர்த் திருநாளில் சப்பரத்துக்குப் பின்னால் புருஷனோடு நடந்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. இவுக எனக்கு இருபத்திரண்டு வருசமா விருந்து சார். வீட்ல இருந்த நாளக் கூட்டிப்பாத்தா ஆறு வருசம் தேறாது."

பிறகு, யாரிடமோ வழக்குச் சொல்வதுபோல அவளே தொடர்ந்தாள்.

"சுகர் கூடுனா கண்ணு போயிரும்னு டாக்டரு சொல்லுதாரு. குறைஞ்சா கப்பலுக்குப் போயிருவாக. நான் மாதாகிட்ட என்னத்த வேண்டிக்கிட? நீங்களே சொல்லுங்க."

மீன் நன்றாக இருக்கிறது என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

நவம்பர் கடைசியில் மழை. ஆற்றில் வெள்ளம் வந்து, வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை, முருகேஸ்வரியும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் ஈரத்துணியைப் பிரித்த கஸ்பார், மிச்சமிருந்த இலையெல்லாம் அழுகிப்போயிருந்ததைப் பார்த்து, கொல்லையில் வீசிவிட்டார். ஜெசிந்தா அப்போது குசினிக்குள் இருந்தாள். ஒன்றும் மெல்லாத வாயோடு வந்து உட்கார்ந்து, அவள் நீட்டிய சுக்குக் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

இதை அன்று சாயங்காலம் ஆற்றுமுகத்துப் பக்கம் நடக்கும்போது என்னிடம் சொன்னார். மழை விட்டு, மணல் கெட்டிப்பட்டுக் கிடந்தது. நாங்கள் பாதி தூரம் போனபிறகுதான் ஆரம்பித்தார்.

"இனிச்சுது சார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது. ஒரு மனிதன் ஐந்து மாதமாக வேப்பெண்ணெய் குடித்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு வைராக்கியமாக இருக்கிறான், அவன் டம்ளரிலேயே கருப்பட்டி. இலை மென்ற நாக்குக்கு அது தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் அதே காப்பியைத்தான் குடித்திருக்கிறார். ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பிதான் ஏழரையை ஏழரையிலேயே நிறுத்தியதா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவள் அதை நம்பித்தான் போட்டிருக்கிறாள். அதுதானே விஷயம்.

கஸ்பாருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சமையல்காரர் புத்தி, அளவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டுன்னு நாக்கு சொல்லிட்டு. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. அதுக்கு மேல போடல. நெனச்சா ஒரு உருண்டையே போட்டிருக்கலாம்லா? எனக்கு என்னமும் ஆயிரக்கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் போட்டிருக்கா."

அவளிடம் கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மீதிக் காப்பியை என்ன செய்தீர்கள் என்றதற்கு, குடித்துவிட்டதாகச் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாளாம். அவள் திரும்புவதற்குள் குடித்து முடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியதாம்.

"கேட்டா நிறுத்திருவா சார்" என்றார்.

நிறுத்தினால்தானே உமக்குக் கப்பல் என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் கடலைப் பார்த்தார். தூரத்தில் இரண்டு கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. போனை எடுக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. பதினாறாம் தேதி டெஸ்ட், என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் செவ்வாய். வெள்ளம் வடிந்து முதல் பஸ்ஸிலேயே முருகேஸ்வரி வந்துவிட்டாள். என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசையில், வெட்கமில்லாமல், நான் வழக்கத்தைவிட முன்னதாகவே போய் அவர்கள் கொல்லைப்புறத்து முருங்கையடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். புதுக் கட்டு இலை கஸ்பாரின் மடியில் பிரிக்காமல் கிடந்தது. நூலைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா ஆவி பறக்கிற டம்ளரோடு குசினி வாசலுக்கு வந்தாள். அவர் வாய் அசையாமல் இருப்பதைப் பார்த்ததும் நின்றாள். நீட்டப்போன கை, டம்ளரோடு முந்தானைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

"இன்னும் இலை மெல்லலியா? சரி, ஆறட்டும். வேற போட்டுத் தாரேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட வேண்டும் என்றும், கேட்டுவிடக் கூடாது என்றும் எனக்கு ஒரே நேரத்தில் இருந்தது.

"நில்லு ஏளா. அதையே தா" என்றார் கஸ்பார்.

கட்டைப் பிரித்து மூன்று இலை எடுத்தார். அடுக்கி, சுருட்டி, கடைவாயில் வைத்தார். எண்ணி அறுபது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே மென்றார். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அறுபதும் முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றாள். சாற்றை நாக்கு முழுவதும் புரட்டி விழுங்கிவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கஸ்பார் நிதானமாகக் குடித்தார். முடிந்ததும் டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பக்கத்திலிருந்த செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதில் ஊற்றி, அடியில் தங்கியிருந்தது கரையும்வரை சுழற்றி, அதையும் குடித்தார்.