கதவைச் சாத்திய தவறு

கொல்லிமலையில் ஐப்பசி மழை பிடித்தால் நாள்கணக்கில் துணி காயாது. என் கணவர் செம்மேட்டில் பள்ளிக்கூட வாத்தியார். குழந்தைக்கு மூன்று மாதம். அன்று அவர் பள்ளிக்குப் போனபின் பார்த்தால், குழந்தைக்கு மாற்ற உலர்ந்த துணி ஒன்றுகூட இல்லை.

குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் போட்டு உலர்த்துவேன். அன்று அடுப்பு பற்றவேயில்லை. கரியை மாற்றினேன், ஊதி ஊதிக் கண் எரிந்தது. விடுவதில்லை என்று அடுப்பைக் கவிழ்த்தேன். அடிக்கம்பிகளில் சாம்பல் அடைத்திருந்தது. குச்சியால் குத்தி எடுத்து, மறுபடி மூட்டியதும் கரி நன்றாகக் கனன்றது. சூடு போய்விடாமலிருக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. தூளியில் குழந்தை, தொட்டும் அசையவில்லை. எனக்குக் கால் நிற்கவில்லை. அதை மார்போடு அணைத்துத் தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளி வாசலுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு அங்கம்மா, தலையில் சாக்கோடு மழையில் வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"கரி மூட்டிக் கதவைச் சாத்திட்டேன். புள்ளையப் புடிங்க!"

குழந்தையின் முகத்தில் சாரல் படப் பிடித்து, உள்ளங்காலைத் தேய்த்தாள். "அழு கண்ணு, அழு சாமி!"

ஒருவழியாக அது வீறிட்டது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் கரியில்தான் உலர்த்துகிறேன். ஆனால் அடுப்பைத் தாழ்வாரத்தில் வைக்கிறேன். குழந்தை உள்ளே தூங்குகிறது. துணி காய இரண்டு மடங்கு நேரமாகிறது. ஆகட்டும்.